ஜெல்கோட் கிட்: ஃபைபர் படகுக்குக் கைவைத்தியம் பலிக்குமா?

கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகைக் குனிந்து பார்த்தால், அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு பெயர்ந்து கண்ணாடி இழை பல்லிளிக்கும் இடங்கள் தெரியும். மணலில் இழுத்து ஏற்றி இறக்குவதில் அடி தேய்கிறது. நங்கூரம் மோதி முன்பக்கம் சில்லு சில்லாகப் பெயர்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டதால், இது பல குப்பங்களுக்கும் பொதுவான தலைவலி. பட்டறைக்குக் கொண்டுபோனால் தொழில் கெடும். சின்னக் காயங்களை உரிமையாளரே சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் ஜெல்கோட் கிட், அந்த வேலைக்கு உண்மையிலேயே உதவுகிறதா?

ஜெல்கோட் என்பது பெயின்ட் அல்ல. படகு வார்க்கும்போது அச்சுக்குள் முதலில் பூசுவது இதைத்தான். அதன்மேல்தான் கண்ணாடி இழைப் பாயான மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறும். அச்சிலிருந்து கழற்றியதும் இது வெளித்தோலாகிவிடும். தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். ஆனால் வெயிலையும் தண்ணீரையும் தடுப்பது அந்த அரை மில்லிமீட்டர். அது போன இடத்தில் நீர் மெல்ல இழைக்குள் இறங்கும்.

கிட்டில் பசைபோல் கெட்டியான ஜெல்கோட், சின்ன ட்யூபில் எம்.இ.கே.பி. என்ற ஹார்டனர், சிலவற்றில் நிறப் பசைகள், கலக்கக் குச்சி ஆகியவை இருக்கும். ரெசின் கடையில் ஜெல்கோட்டைக் கிலோ கணக்கில் வாங்குவது இதைவிட மலிவு. ஆனால் உள்ளங்கை அளவு காயத்துக்கு அத்தனை தேவைப்படாது. மிச்சமாவது நீண்ட நாள் நிற்கவும் நிற்காது. எதை வாங்கினாலும் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பது அவசியம். பழைய சரக்கு சரியாக இறுகாது.

வேலையில் பாதி, பூசுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதலில் அசிட்டோன் நனைத்த துணியால் உப்பு, எண்ணெய், மெழுகு எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் அழுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் ஓரங்களைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். மயிரிழை விரிசல் என்றால் அதன்மேல் பூசிப் பயனில்லை. கூரான முனையால் கீறி, ‘வி’ வடிவப் பள்ளமாக அகலப்படுத்தினால்தான் பூச்சு உள்ளே போய்ப் பிடிக்கும்.

அடுத்து அளவு. ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம் வரை போதும். 50 கிராம் ஜெல்கோட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லி என்பது மேல் வரம்பு. கண்ணளவில் ஊற்றினால் கெட்டுவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளப்பதே சரி. குறைந்தால் கடைசிவரை பிசுபிசுப்பு போகாது, கூடினால் மொறமொறத்து வெடிக்கும். 25 டிகிரி வெப்பத்தில் கால் மணி நேரம்போலக் கிடைக்கும் அவகாசம், சித்திரை வெயிலில் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும். ஆகவே நிழலில், காலை நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. தெர்மோகோல் கப்பில் கலக்கக் கூடாது. ஜெல்கோட்டில் உள்ள ஸ்டைரீன் கப்பையே கரைத்துவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் திகைக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. காற்று பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு முழுதாக இறுகாது. அச்சுக்குள் அது ஒரு வசதி: காற்றுப் படும் பக்கம் ஒட்டும் தன்மையோடு இருப்பதால் அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிக்கிறது. பழுதுபார்க்கும்போது அதுவே தொல்லை. மெழுகு கலந்த ஜெல்கோட் என்றால், மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுத்துவிடும். கிட்டில் இருப்பது மெழுகில்லாதது என்றால், பூசிய உடனே தெளிவான பாலியெஸ்டர் ஷீட்டை மேலே விரித்து, பட்டித் தகட்டால் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளி, நான்கு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும். மறுநாள் ஷீட்டை உரித்தால் அடியில் கண்ணாடிபோன்ற பளபளப்பு கிடைக்கும். இறுகும்போது ஜெல்கோட் சற்றுச் சுருங்குவதால், சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் மேடாகப் பூசுவது நல்லது. பிறகு 320, 600, 1000 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர்விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் விரலுக்கு விளிம்பு தட்டுப்படாது.

நிறம்தான் இந்தக் கிட்டின் பலவீனம். வெயிலில் பல வருடம் கிடந்த வெள்ளை, வெள்ளையாக இருப்பதில்லை. மஞ்சளோ சாம்பலோ ஏறியிருக்கும். துளி மஞ்சளும் துளி கறுப்பும் சேர்த்து, ஹார்டனர் கலப்பதற்கு முன்பு பக்கத்திலேயே தடவிப் பார்த்துத் துடைக்கலாம். அப்படியும் அருகில் நின்றால் ஒட்டு தெரியும். மீன்பிடிப் படகுக்கு அது குறையல்ல. உல்லாசப் படகின் உரிமையாளருக்கு உறுத்தலாம்.

ஆபத்து இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை நிரந்தரமாகக் கெடலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது. கடையில் ரெசின் வாங்கினால் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாகக் கொடுப்பதுண்டு. அதையும் ஹார்டனரையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே மற்றது. பல கிட்டுகளில் ஆக்சிலரேட்டர் முன்பே கலந்திருக்கும். புதியவர்கள் கிட்டைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான காரணம்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. காயத்தைச் சுற்றி நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் சேதம் தோலோடு நிற்கிறது, கிட் போதும். மொத்தென்று கேட்டாலோ, ஒரே இடத்திலிருந்து விரிசல்கள் சிலந்தி வலையாகப் பரவியிருந்தாலோ உள்ளே அடுக்கு விட்டிருக்கலாம். அங்கே மேட்டும் ரெசினும் வைத்துப் பலப்படுத்திய பிறகுதான் ஜெல்கோட். அந்த வேலை பட்டறைக்குரியது.