பதிப்புரையிலிருந்து படிக்கத் தொடங்குவோம்

கனகம்மாசத்திரத்தில் திருத்தணிப் பேருந்து ஏறினால், மலை கண்ணில் படுவதற்குள் ஒரு பதிப்புரையைப் படித்து முடித்துவிடலாம். அந்த மலைக்கும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணத்தை 1883இல் அச்சேற்றியவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. திருப்புகழைத் தேடித் திரட்டிய வ.த. சுப்பிரமணிய பிள்ளையின் கடைசி நாட்கள் திருத்தணியில் கழிந்தன. சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாட்டுதான், நீதிமன்றத்தில் பணியாற்றிய அவரை 1871இல் சுவடி தேட அனுப்பியது. அவர் மகன் செங்கல்வராய பிள்ளைக்குத் ‘தணிகைமணி’ என்ற பட்டமே பெயராக நிலைத்தது. அவர் தொகுத்த தேவார, திருவாசக ஒளிநெறி நூல்கள் இன்றும் நமக்குக் கைவிளக்கு.

தமிழில் முன்னுரை அச்சுக்கு முந்தியது. நன்னூலே பாயிரத்தின் இலக்கணத்தை விரிவாகச் சொல்கிறது. ஆனால் பாயிரம் நூலின் பெருமையைச் சொல்வது. பதிப்புரையோ நூல் நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்வது. தொட்டால் ஒடியும் ஓலை, பூச்சி அரித்த எழுத்து, கட்டு அவிழ்க்கும்போதே முரியும் இதழ் என்று தாமோதரம் பிள்ளை எழுதுவதைப் படித்தவருக்குக் கலித்தொகை (1887) வெறும் பாடநூலாக இருக்காது.

இவ்வகையில் என் மனத்தில் முதலிடம் உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைக்கு (1898). பௌத்தம் தமிழ்நாட்டில் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அருஞ்சொற்பொருள் மட்டும் தந்தால் வாசகர் கதையைப் பிடித்துக்கொண்டு தத்துவத்தை விட்டுவிடுவார். ஆகவே சைவரான ஐயர் பௌத்த நூல் கற்றவர்களைத் தேடிக் கேட்டுத் தெளிந்து, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றை உரைநடையில் எழுதிச் சேர்த்தார். ஒரு காப்பியத்துக்குள் நுழைய ஒரு சமயத்தையே கற்றுக்கொடுத்த முன்னுரை அது. புறநானூற்றில் (1894) பாடினோர், பாடப்பட்டோர் வரலாறுகளைத் தொகுத்ததும் இதே அக்கறைதான்.

ச. வையாபுரிப் பிள்ளை வேறு வகை. அவர் முன்னுரைகள் நூலின் காலத்தைக் கேள்விக்கு உட்படுத்தின, பலருக்குச் சினமூட்டின. அவர் கணித்த காலங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனாலும் சான்று கேட்கும் பழக்கத்தை வாசகரிடம் வளர்த்தவை அவை.

அறிமுகம் ரசனையைக் கட்டிப்போடும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது, திணை விளக்கத்தை நூலின் கடைசியில் பின்னுரையாக வைத்தார். பாட்டு முதலில், பாடம் பிறகு. திணை விளக்கத்துக்கு அது பொருந்தும். சுவடி வரலாற்றுக்குப் பொருந்தாது. எந்தச் சொல் பிரதியில் உள்ளது, எது ஊகம் என்று தெரியாமல் ஒரு சொல்லை வியப்பது வீண்.

இன்று மலிவு விலை மறுபதிப்புகள் பலவற்றில் பழைய பதிப்புரைகள் இல்லை. பக்கம் குறைகிறது, விலையும் குறைகிறது. நூலின் பிறப்புச் சான்றும் போய்விடுகிறது. ப. சரவணன் தொகுத்த ‘சாமிநாதம்’, ‘தாமோதரம்’ ஆகிய இரு தொகுதிகளும் அந்த இழப்பைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. ஆனால் தனித் தொகுதியைத் தேடிப் போகாத மாணவர் கைக்கு அவை எட்டுவதில்லை. பதிப்பாளர்களே, அந்தப் பத்திருபது பக்கங்களை மூலத்தோடு சேர்த்தே அச்சிடுங்கள்.