வாத்தியார் வந்தார், பாடம் எங்கே?

தமிழ் சினிமாவில் நல்ல வாத்தியாரைக் கண்டுபிடிப்பது சுலபம். பள்ளிக்கூட கேட்டில் நுழையும்போதே பின்னணி இசை காட்டிக்கொடுத்துவிடும். 2012-ல் 'சாட்டை' சமுத்திரக்கனி, 2019-ல் 'ராட்சசி' ஜோதிகா, 2023-ல் 'வாத்தி' தனுஷ். (சாட்டையில் பிள்ளைகளைக் கரையேற்றிய அதே சமுத்திரக்கனிதான் வாத்தியில் கல்வியை வியாபாரமாக்கும் வில்லன். பதினோரு வருஷத்தில் மனுஷன் எப்படி மாறிட்டார் பாருங்க!)

மூன்றையும் ரசித்துத்தான் பார்த்தேன். அரசுப் பள்ளி என்று ஒன்று இருப்பதை மல்ட்டிபிளக்ஸ் கூட்டத்துக்கு ஞாபகப்படுத்தியதற்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒரு சந்தேகம். இவங்க பாடம் எப்போ நடத்தறாங்க? சாட்டையில் வகுப்பறை கொஞ்சம் தலைகாட்டுகிறது, மறுக்கவில்லை. மற்றபடி ஹீரோ சக ஆசிரியர்களைத் திருத்துகிறார், ஊரைத் திருத்துகிறார். கணக்கு வராத பையனுக்குக் கணக்கு எப்படி வந்தது என்பது மட்டும் மர்மம்.

நிஜத்தில் நம் வகுப்பறைகளில் நடந்த பெரிய மாற்றம் ஒன்றுக்குப் பின்னணி இசையே கிடையாது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான முறையைப் பார்த்துவிட்டு, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். 2007-ல் மாநிலம் முழுக்கப் போனது. செயல்வழிக் கற்றல். சுவரின் கீழ்ப்பக்கம், தரையில் உட்கார்ந்த குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். பாடமெல்லாம் சின்னச் சின்ன அட்டைகள். மூணு நாள் ஜுரத்தில் படுத்த குழந்தை திரும்பி வந்தால், விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். 'அதெல்லாம் நேத்தே நடத்தியாச்சு' என்கிற பேச்சுக்கே இடமில்லை. டீச்சரும் பாயில் வந்து உட்கார்ந்தார்.

குறை இல்லாமலில்லை. 'அட்டை எடுத்துக் கொடுக்கிற ஆளாக்கிட்டாங்க' என்று ஆசிரியர்கள் புலம்பினார்கள். புஸ்தகம் எங்கே, ஹோம்வொர்க் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான சண்டைதான். இருபது வருஷம் நாற்காலியிலிருந்து பாடம் நடத்திய ஒருத்தர், முட்டி வலியோடு தரையில் உட்காரப் பழகுவதைவிட நல்ல கதை வேணுமா? ஒருத்தரும் எடுக்கவில்லை.

சினிமாக்காரர்களை மட்டும் சொல்வானேன்? பத்திரிகைக்காரர்கள் நாங்களும் 'தனி ஒருவராகப் பள்ளியை மாற்றிய ஆசிரியர்' என்றால்தான் போட்டோகிராபரை அனுப்புகிறோம். அந்த ஒருவருக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்த பிறகு அந்தப் பள்ளிக்கு நான் மறுபடி போனதே இல்லை. ஆனால் பிள்ளைகள் அங்கேயேதான் இருக்கிறார்கள், சாதாரண ஆசிரியர்களோடு. அந்த சாதாரண ஆசிரியர் திங்கட்கிழமை காலையில் வகுப்பில் என்ன செய்கிறார் என்பதுதான் அவர்களுடைய படிப்பு.

அடுத்த வாத்தியார் படம் எடுப்பவருக்கு ஒரு விண்ணப்பம். ஒரு சிறுமி 'ண'வுக்கும் 'ன'வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். டீச்சர் என்ன செய்கிறார்? அதைக் காட்டுங்கள். ஒரு சண்டைக் காட்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும்.