நுரை கட்டும் பீப்பாய்

புழல் பக்கம் ஒரு கீரைப் பாத்தி ஓரத்தில் நீல பீப்பாய். அதில் 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் தலா 2 கிலோ, வரப்பு மண் ஒரு பிடி. இயற்கை விவசாயத்துக்காகச் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தக் கரைசல் இது. ஒரு ஏக்கருக்குப் போதும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன அமிர்தக் கரைசலும் இதற்கு உறவுதான்.

காலையும் மாலையும் கம்பால் வலச்சுற்றாகக் கலக்க வேண்டும். இரண்டாம் நாள் சாண வாடை மாறிப் புளித்த மணம் வரும், நுரை கட்டும். அந்த நுரையைப் பார்ப்பதில் எனக்கு அத்தனை பிரியம். பிடி மண்ணிலும் சாணத்திலும் இருந்த நுண்ணுயிர்கள் வெல்லத்தைத் தின்று பெருகியிருக்கின்றன! மாடு வைத்திருப்பவர் கடையில் வாங்குவது வெல்லமும் மாவும் மட்டும்தான். கடனுக்கு உரமூட்டை தூக்கியவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல். பாசன நீரோடு தொடர்ந்து விட்டுவந்தால், பாத்தியில் மண்புழு எச்சம் குருணை குருணையாகக் கிடக்கும்.