பொருந்திலும் பொருந்தலும்

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே, பொருந்தலாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் பொருந்தல். திண்டுக்கல்லினின்று மேற்கே செல்லும் சமவெளி மலையைத் தொட்டு ஒடுங்கும் இடம் அது. பழைய மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1985இல் திண்டுக்கல் மாவட்டம் தோன்றியபோது அதனுள் அடங்கிற்று. 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கா. இராசன் ஈண்டு அகழாய்வு நிகழ்த்திய பின்னரே ஆராய்ச்சி உலகின் பார்வை இவ்வூர்மேல் அழுந்த விழுந்தது.

அதன்பின் இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மூன்று செய்திகளை ஒரே மூச்சிற் கூறிவிடுகின்றனர். சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே. இங்குக் கிடைத்த எழுத்து கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினது, ஆகவே சங்கப் பாட்டும் அக்காலத்தது என்பன அவை. முன்னையது பின்னையதற்குச் சான்றாகவும் பின்னையது முன்னையதற்குச் சான்றாகவும் மாறி மாறி நிறுத்தப்படுகின்றன. ஒன்றை ஒப்பியவர் மூன்றையும் ஒப்பவேண்டும் என்னும் நிலை இதனால் உண்டாகிறது. இம்மூன்றும் வெவ்வேறு வகைச் சான்றுகளால் தனித்தனியே ஆராயத்தக்கவை. இலக்கிய மாணவர்க்கு உரிய பொறுப்பு இவற்றைப் பிரித்துக் காண்பதே.

முதற்கண் ஊர்ப்பெயரை நோக்குவோம். 'இல்' என்னும் ஈறு பெற்ற ஊர்ப்பெயர்கள் பழந்தமிழில் உள. அன்பில், விளங்கில், கிடங்கில் என்பன காண்க. இவற்றுட் கிடங்கில் நமக்குப் பெரிதும் துணைசெய்வது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாகச் சிறுபாணாற்றுப்படை கூறும் அவ்வூர், இன்று திண்டிவனத்தை ஒட்டிக் கிடங்கல் என வழங்குகின்றது. கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் எனப் புலவர்தம் பெயர்க்கு அடையாகவும் அது வந்துளது. கிடங்கில் என்பது கிடங்கல் ஆனாற்போலப் பொருந்தில் என்பது பொருந்தல் ஆயிற்று எனக் கொள்வதில் இழுக்கில்லை. ஈற்றயல் இகரம் அகரமாகத் திரிந்த இவ்விரு பெயர்களும் ஒன்றற்கொன்று அரணாகின்றன. அகழாய்வாளரும் பொருந்தலையே பொருந்தில் எனக் கொண்டனர்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வாற்று நீர் சண்முகநதியிற் கலந்து, அது சென்று அமராவதியிற் சேர்கின்றது. அமராவதியின் பழம்பெயர் ஆன்பொருநை. இதுகொண்டு 'பொருநை'யே 'பொருந்தல்' ஆயிற்று என்று கூறுவாரும் இருக்கக்கூடும். ஒலியளவில் நெருங்கும் இரு பெயர்களை ஆற்றோட்டத்தால் இணைப்பது சொல்லாராய்ச்சி ஆகாது. கிடங்கில் போன்ற ஒப்புமை வடிவம் ஒன்றேனும் காட்டப்பெறாத வரை அதனை விடுத்தலே நன்று.

ஆகவே ஊர்ப்பெயர் ஒற்றுமையை ஏற்கலாம். ஏற்றபின் நமக்குக் கிடைப்பது யாது? இளங்கீரனார் பாடியனவாக நமக்குக் கிட்டியவை மூன்று பாடல்கள்: அகநானூற்றில் 19, 351, புறநானூற்றில் 53. அகப்பாடல் இரண்டும் பாலைத்திணையின. பிரிந்து செல்லும் தலைவன் தன் நெஞ்சொடு உசாவும் கூற்றாக 19ஆம் பாட்டு அமைந்துளது. பருந்தின் விளியும் குடிஞையின் குரலும் கேட்கும் மலைவழி அதில் வருகிறது. அம்மலை எம்மலை என்பதற்குக் குறிப்பில்லை. பாலைக்கு உரிய கருப்பொருளைப் புலவர் மரபின்படி அமைத்தார் என்பதற்கு மேல் ஒன்றும் பெறப்படாது. புறப்பாட்டு மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடுவது. விளங்கில் என்னும் ஊரைப் பகைவரிடமிருந்து காத்த சேரன், கபிலன் இன்று இருப்பின் நன்றாகுமே என்று கூற, அக்குறை தீரத் தம்மால் இயன்றவாறு பாடுவதாகப் புலவர் மொழிகின்றார். சங்கப் புலவர் ஒருவர் தமக்கு முன்னிருந்த புலவரை இவ்வளவு வெளிப்படையாக நினைந்த இடம் அரிது. புலவர் வரிசையைக் கால அடைவிற் காணவிழைவார்க்கு இப்பாட்டு விலைமதிப்பற்றது. ஆயினும் மூன்று பாடல்களிலும் பொருந்திலும் இல்லை, பொதினியும் இல்லை, பேகனும் இல்லை. ஊரின் பெயர் புலவர் பெயரோடு ஒட்டி வந்த அடைமொழியாகவே நின்றுவிட்டது. அவ்வடைமொழியும் அவர் பிறந்த ஊரைக் குறித்ததோ, வாழ்ந்த ஊரைக் குறித்ததோ, முன்னோர் ஊரைக் குறித்ததோ எனத் துணிதற்கு இடமில்லை. இத்துணைச் சிறிய கொம்பின்மேல் ஊர் வரலாறு முழுவதையும் ஏற்றிவைப்பது தகுமோ?

இவ்வூர்க்குச் சங்க இலக்கியம் தரும் உண்மைச் சான்று வேறிடத்தில் உளது. அஃது இளங்கீரனார் வாக்கில் இல்லை. மாமூலனார் வாக்கில் உளது. அகநானூற்றின் முதற்பாட்டில், நெடுவேள் ஆவியின் பொதினிமலையைக் கூறிய மாமூலனார், அங்குள்ள இளங்காரோடன் ஒருவன் பயினொடு சேர்த்து இறுக்கிய கல்லைத் தலைவன் உரைத்த பிரியாமைச் சூளுக்கு உவமையாக்குகின்றார். காரோடன் என்பான் சாணைக்கல் செய்வோன்; பயின் என்பது அரக்கு. கல்லின் பொடியும் அரக்கும் ஒன்றாய்ப் பிணைந்து பிரிக்க முடியாத ஒரே கல்லாவதுபோல நாமும் பிரியோம் என்றவன் பிரிந்து போயினான். உவமையின் உறுதியே தலைவியின் துயரை மிகுவிக்கின்றது. இது பாட்டின் நயம்.

இடத்தின் நயம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. சாணைக்கல் வேண்டுவார் யாவர்? படைக்கலம் தீட்டுவோரும், மணிக்கல்லைத் தேய்த்து ஒளியேற்றுவோரும் ஆவர். இத்தொழிலாளனை மாமூலனார் மதுரையிலோ முசிறியிலோ நிறுத்தவில்லை, பொதினியில் நிறுத்தினார். நந்தர், மோரியர் பற்றிய குறிப்புகளைத் தம் பாடல்களிற் பெய்த புலவர் அவர். இடமும் செய்தியும் பொருந்தப் பாடும் இயல்பினர். அவர் சுட்டிய பொதினியாகிய பழனியின் அருகே, பொருந்தலின் குடியிருப்புப் பகுதியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. ஈமக்குழியிலிருந்தோ சூதுபவளம் முதலிய கல்மணிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. மதுரையிலிருந்து சேரநாடு நோக்கிச் சென்ற பெருவழி இப்பகுதியை ஒட்டியது. பழனியை அடுத்த கலையம்புத்தூரில் 1856இல் உரோமப் பொற்காசுகள் கிடைத்த செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கண்ணாடி மணி வார்த்தலும் கல்மணி தீட்டலும் ஒரே தொழிலல்ல என்பது உண்மை. எனினும் மணிவாணிகம் மிக்க ஒரு வட்டாரத்தில் சாணைக்கல் செய்வோன் ஊர் அறிந்த ஆளாக, உவமைக்கு எடுத்தாளத்தக்கவனாக இருந்தான் என்பது இயல்பாகவே போதரும். பதிற்றுப்பத்து அணிகலத்துக்குக் கொடுமணத்தைச் சுட்டியதும், கொடுமணலில் மணித்தொழிலின் தடயங்கள் வெளிப்பட்டதும் இதற்கு ஒப்பாம். புலவர் பெயர்முன் நின்ற அடைமொழி தராத வரலாற்றை ஓர் உவமை தருகின்றது.

அகழ்ந்த ஈமக்குழியொன்றில் நாற்காற் சாடி ஒன்றனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. இந்நெல் இலக்கியத்தோடு முரணுவதுபோல் தோன்றும், அம்முரணே சுவையானது. பேகனைக் கபிலர் பாடிய புறநானூற்று 143ஆம் பாட்டில், மழை வேண்டிப் பலியிடும் குறவர், மழை மிகுந்தபின் அது நிற்கவும் வேண்டி, புனத்தில் விளைந்த தினையை உண்கின்றனர். பேகன் நாட்டைப் பற்றி நம் உள்ளத்தில் நிற்பது இத்தினைப் புனமே. மலைநாட்டுத் தலைவனைப் பாடும்போது குறிஞ்சிக் கருப்பொருளே முன்வரும், அது திணைமரபு. மலையடியில் ஆற்றுநீர் பாயும் இடத்தில் நெல் விளைந்ததோ என்பது பாட்டிற்கு வேண்டாத செய்தி. இறந்தோனுக்குச் சாடி நிறைய நெல் வைத்துப் புதைத்த குடியினர் அந்நிலத்தில் வாழ்ந்தனர் என்பதை மண் காட்டிற்று. திணைமரபை நாட்டின் பொருளியல் விவரம் என்றே படித்துவிடும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் மிகுதி. ஒரு சாடி நெல் அவ்வழக்கத்தை அசைக்கப் போதும்.

இனி எழுத்தைப் பற்றி ஒரு சொல். அதே ஈமக்குழியில் கிடைத்த பிரிமனை ஒன்றில் 'வ-ய்-ர' என்னும் தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பெற்றுள்ளன. உடனிருந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்தில் முடுக்கிப் பொருண்மை அளவி முறையாற் கணித்தபோது ஒரு மாதிரி கி.மு. 490 எனவும், மற்றொன்று கி.மு. 450 எனவும் காலம் காட்டின. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தம் பெருநூலிற் குகைக் கல்வெட்டுகளின் தொடக்கத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டெனக் கொண்டிருந்தார். ஆகவே எழுத்தின் வடிவம் கொண்டு காலம் கணிப்போர்க்கும் கரிமம் கொண்டு கணிப்போர்க்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது இயல்பே. என் கருத்தில், பல நூற்றாண்டு மண் கலந்த குடியிருப்பு மேட்டினும் ஒருமுறை மூடப்பெற்ற ஈமக்குழியின் சான்று வலிது. கலமும் நெல்லும் ஒருங்கே வைக்கப்பட்டவை என்பதை மறுப்பதற்குத் தக்க காரணம் காட்டவேண்டிய கடமை மறுப்போரைச் சார்ந்தது. கீழடியிலிருந்து அனுப்பிய மாதிரியொன்று கி.மு. 580 எனக் காலம் காட்டியதாக 2019இல் அறிவிக்கப்பெற்ற பின் இந்நிலை முன்னினும் உறுதி பெற்றுள்ளது.

அச்சொல்லின் வடிவம் இலக்கண நோக்கில் ஆராயத்தக்கது. யகர மெய்யை அடுத்து ரகரம் மயங்குதல் தொல்காப்பிய நூன்மரபு ஏற்காதது. யகரத்தின்பின் மொழிமுதலாகும் எழுத்துகளும் ஙகரமுமே வரும். ஆதலின் 'வய்ர' எனப் படித்தலே சரியாயின், அது தமிழ்வாய்ப் பட்டு 'வயிரம்' என இகரம் பெறுவதற்கு முந்தைய நிலையைக் காட்டும் அயற்சொல்லாம். வச்சிரம் என்னும் வடசொல் பாகத வடிவில் வணிகரொடு வந்தது என்று கருத இடமுண்டு. தமிழர் எழுத்தறிவின் தொன்மைக்கு நாம் எடுத்துக்காட்டும் சொல்லே தமிழ் ஒலிமரபுக்கு அயலானது என்பதைச் சொல்லத் தயங்குவோர் உளர். தயங்க வேண்டுவதில்லை. மணிவாணிகம் நிகழ்ந்த ஊரில் மணியின் பெயர் பிறமொழியிலிருந்து வருதல் அவ்வாணிகத்தின் பரப்பையே காட்டும்.

மூன்றாவது முடிவுக்கு இவையெல்லாம் துணையாகா. ஒரு நாட்டில் எழுத்து வழங்கிய காலமும், அங்குப் பாடப்பெற்ற குறிப்பிட்ட பாட்டின் காலமும் ஒன்றாக வேண்டும் என்னும் நியதி இல்லை. பொருந்தற் பிரிமனையிற் பெயரெழுதியவன் காலம் இளங்கீரனார் காலம் என்பதற்கு அக்குழியில் ஒரு சான்றும் இல்லை. கபிலருக்குப் பின்னர் வாழ்ந்த அப்புலவரைக் கி.மு. 490க்குக் கொண்டுசென்றால் கபிலர், பாரி, பேகன் யாவரையும் அதற்கும் முன்னே தள்ளவேண்டும்; பாடல்கள் பேசும் யவனர் வாணிகத்தையும் உடன் தள்ளவேண்டும். அதற்கு எவரும் உடன்படார். புலிமான்கோம்பையிலும் திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் 2006இல் அறியப்பெற்ற நடுகற்கள் தொல்காப்பியர் கூறும் வெட்சித் துறைகளின் உலகை நம் கண்முன் நிறுத்தின. அவற்றையும் இவ்வாறே சங்கத் தொகைகளின் காலத்துக்கு அளவுகோலாக்குவது பிழை.

ஊர் வரலாறு எழுதுவோர் இடருறும் இடம் இதற்குப் பின்னரே வருகின்றது. ஈமக்குழிக்கும் இன்றைக்கும் இடையே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றை நிரப்பப் பெரிய வரலாற்றிலிருந்து நிகழ்ச்சிகளை இரவல் வாங்குதல் எளிது. பழனியைக் கல்வெட்டுகள் வைகாவூர் நாட்டில் அடக்குகின்றன. பின்னர்ப் பாளையக்காரர் ஆட்சி வந்தது. 1792இல் திப்புவோடு செய்த உடன்படிக்கையால் திண்டுக்கற் சீமை கும்பினியார் கைப்பட்டது. 1801இல் விருப்பாட்சிக் கோபால நாயக்கர் தூக்கிலிடப்பெற்றார். இவையாவும் பொருந்தலைச் சுற்றி நிகழ்ந்தவை. பொருந்தலில் உழுதவனும் மணி கோத்தவனும் இவற்றுள் எங்கே?

இவ்விடரை நகைச்சுவையாக்கியவர் உருசியப் புலவர் புஷ்கின். அவர் 1830இல் எழுதத் தொடங்கி முடிக்காது விட்டதும், மறைவுக்குப்பின் 1837இல் வெளிவந்ததுமாகிய 'கொர்யூகினோ ஊர் வரலாறு' என்னும் புனைவில், பெருங்காப்பியம் பாட முயன்று இயலாத பண்ணையுடையவன் ஒருவன் தன் சிற்றூரின் வரலாற்றை எழுதத் துணிகின்றான். அவன் திரட்டிய மூலங்கள் பழைய பஞ்சாங்கக் கட்டுகள், கோயிற் பணியாளர் எழுதிவைத்த குறிப்பு, வாய்மொழிக் கதைகள், குடிக்கணக்கு என்பன. அவற்றைக்கொண்டு பேரரசுகளின் வரலாற்றாசிரியர்தம் நடையில் அவன் எழுதுகின்றான். நடைக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவே அங்கு நகை. ஆனால் மூலங்களை மட்டும் நோக்கின் அவன் பேதையல்லன். பஞ்சாங்க ஓரத்தில் எழுதிய மழைக்குறிப்பும் குடிக்கணக்கும் ஒரு சிற்றூரை அறிய அரசாணைகளைவிடப் பயனுள்ளவை.

பொருந்தலுக்கும் இது பொருந்தும். சென்னை மாகாணத்தில் 1858 முதல் நிகழ்ந்த இனாம் விசாரணைப் பதிவுகள், நில அளவைப் பதிவேடுகள், வயலுக்கும் வாய்க்காலுக்கும் மேட்டுக்கும் ஊரார் வழங்கும் பெயர்கள் ஆகியவற்றைத் தொகுத்தல் முதுகலை மாணவர் ஒருவர் ஈராண்டில் முடிக்கக்கூடிய பணி. பாலாறு பொருந்தலாறு அணையின் பெயரால் இன்று ஊர்ப்பெயர் நாடறிந்ததாயிற்று. அவ்வணையின் கீழ் நெல் விளையும் வயல்களில் எவற்றுக்குப் பழம்பெயர் எஞ்சியுள்ளது, அவற்றுள் 'இல்' ஈறு பெற்றவை உளவோ என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.