வடிவு, பேச்சி, மூக்காயி: பாட்டிமார் பேரை ரசிப்பது எப்படி?

பழைய பேர்களைக் கேட்க நல்ல இடம், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரை. காலையில் பணித்தளப் பொறுப்பாளர் பேர் கூப்பிடும்போது ஓரமாக நின்று கேளுங்கள். சுப்புத்தாய், மூக்காயி, பேச்சியம்மாள், பூலம்மாள், சவரியம்மாள், செய்யதம்மாள். கூப்பிடுகிறவர் திவ்யாவாகவோ பிரியாவாகவோ இருப்பார். அவர் வீட்டுக் குழந்தையின் பேரில் எப்படியும் ஒரு ‘ஷ’ இருக்கும். இன்னும் சில வருஷங்களில் சுப்புத்தாய்களும் பூலம்மாள்களும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்குப் போய்விடுவார்கள். அந்தப் பேர்களில் எவை மறுபடி தொட்டிலுக்கு வரலாம்? என்னைக் கேட்டால், பெரும்பாலானவை வரலாம். அதற்கு முன் நம் காது கொஞ்சம் பழக வேண்டும்.

பழக்குவதற்குச் சுலபமான வழி, வாலை நறுக்கிவிட்டுக் கேட்பது. கிழடு தட்டியதாகத் தோன்றுவது பாதி நேரம் ‘அம்மாள்’தான். வடிவம்மாளில் வடிவு இருக்கிறாள். அபயாம்பாளில் அபயா. சிலவற்றில் தலையை நறுக்க வேண்டும்: காந்திமதியில் மதி, பர்வதவர்த்தினியில் வர்த்தினி. எல்.கே.ஜி. மிஸ் வருகைப்பதிவில் “வடிவு” என்று கூப்பிட்டால் எந்தப் பிள்ளையும் சிரிக்காது. சிரிப்பதெல்லாம் வாசலில் நிற்கும் பெற்றோர்தான். ஜானகி இப்படித்தான் பிழைத்தாள். 2018-இல் ‘96’ படம் வந்தது, ஜானகி ‘ஜானு’ ஆனாள், அத்தை பேராக இருந்தது ஒரே வாரத்தில் காதலி பேராகிவிட்டது.

சினிமா கெடுத்த கதையும் உண்டு. 2007-இல் ‘சிவாஜி’ படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களை நிறுத்தி, நிறத்தைக் காட்டிச் சிரிக்க வைத்தார்கள். பாரி மகளிருக்கு மரபு வைத்திருக்கும் பேர்கள் அவை. அதன்பிறகு தன் பிள்ளைக்குச் சங்கவை என்று வைப்பவருக்குத் தமிழ்ப் பற்று மட்டும் போதவில்லை, தடித்த தோலும் வேண்டியிருந்தது.

அடுத்து, ஊர். பழைய பேருக்குள் ஒரு பின்கோடு உண்டு. காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதியும் ஆவுடையம்மாளும் சங்கரன்கோவில், உலகம்மாள் தென்காசி, அகிலாண்டம் திருவானைக்காவல், தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயில், நீலாயதாட்சி நாகப்பட்டினம், கருணாம்பாள் அவிநாசி. ஆரோக்கியமேரி என்று கேட்டதும் வேளாங்கண்ணி ஞாபகம் வரும். ஊர் அம்மன் பேரை ஊர்ப் பிள்ளைக்கு வைத்தார்கள். பிழைப்புக்காகப் பிள்ளை எங்கே போனாலும் பேர் கூடவே போயிற்று. சாமி பேர் இல்லாவிட்டாலும் பேரின் கடைசி அசை காட்டிக்கொடுத்துவிடும். ராமாத்தாள், மாராத்தாள் என்று ஆத்தாளில் முடிந்தால் கொங்குச் சீமை. சுப்புத்தாய், வேலுத்தாய் என்றால் விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் சிகப்பி, மெய்யம்மை, உமையாள் என்று காதில் விழுந்தால், இலையில் விழப்போவது செட்டிநாட்டுச் சமையல் என்று தைரியமாக உட்காரலாம்.

ஊரைச் சொல்லும் பேர் பல நேரம் சாதியையும் சேர்த்தே சொல்லிவிடும். இது அவ்வளவு ரசமான விஷயம் இல்லை. கருப்பாயி, காத்தாயி என்ற பேர்களோடு பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் போய் நின்றவர்களுக்கு அது என்ன பாடு என்று தெரியும். ‘ஷ’ வைத்த பேருக்கு ஆசைப்பட்டவர்களில் பலர், பேரைக் கேட்டதும் எதிராளி தங்களை எடை போடக்கூடாது என்றுதான் ஆசைப்பட்டார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. மறுபடி வரும் பேர்களையும் பாருங்கள்: அபிராமி, மீனாட்சி, வானதி, ஆதிரை. கோயிலிலிருந்தும் காப்பியத்திலிருந்தும் நாவலிலிருந்தும் வருகிறார்கள். களத்துமேட்டிலிருந்து இன்னும் யாரும் வந்தபாடில்லை. பேச்சி வரும் நாளில்தான் இந்த மறுவரவை நான் நம்புவேன்.

வீட்டுக்குள் ஒரு பேர் என்ன பாடுபட்டது என்பதையும் ரசிக்கத் தெரிய வேண்டும். பிறந்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பேர். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பிள்ளையோ பாலைக் கொட்டும், மண்ணைத் தின்னும், திட்டாமல் வளர்க்க முடியாது. “ஏ சிவகாமி, எருமை!” என்று அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பினால் திண்ணையில் இருக்கும் பெரிய சிவகாமி எழுந்து உள்ளே வந்துவிடுவாள். அதனால் சின்னவள் அம்மாளு ஆனாள், ராசாத்தி ஆனாள், பாப்பா ஆனாள். சிவகாமி என்பது பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் மட்டும். சிலருக்குக் கூப்பிடு பேரே நிலைத்துவிடும். டி.கே. பட்டம்மாளுக்கு வைத்த பேர் அலமேலு. 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய விவசாயி தேக்கம்பட்டி பாப்பம்மாள், நூறு வயசுக்கு மேலும் பேரில் ஒரு பாப்பாவை வைத்திருந்தார்.

சில பேர்கள் சாமியிடமிருந்து வரவில்லை, பயத்திலிருந்து வந்தவை. முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்காயி என்று வைத்தார்கள். குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள், தவிட்டுக்கு ‘வாங்கி’த் தவிட்டம்மாள். இது யாரோ வேண்டாமென்று போட்ட பிள்ளை, உனக்கெதற்கு என்று எமனை ஏமாற்றும் ஏற்பாடு. கேட்டதும் சிரிக்கிறோமே, அந்தப் பேர்களுக்குள் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இருக்கிறாள். மூக்காயியை ரசிப்பதென்றால் இதைத் தெரிந்துகொண்டு ரசிப்பதுதான். தொட்டிலுக்குத் திரும்பாவிட்டாலும் பாதகமில்லை, வந்த வேலையை அது முடித்துவிட்டது.

போதும்பொண்ணு, வேண்டா இரண்டும் வேறு ரகம். ஆண் பிள்ளை வராத எரிச்சலைப் பெண் பிள்ளையின் தலையில் எழுதிய பேர்கள். இவற்றில் ரசிக்க ஒன்றுமில்லை. அரசிதழில் பேரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, மாற்றிக்கொண்டவர்களுக்கு என் வணக்கம்.

சாந்தி, வசந்தி, விஜயா? தேன்மொழி, கயல்விழி? இவர்கள் பாவம், இன்னும் அம்மா, பெரியம்மா பேராகவே இருக்கிறார்கள். அம்மா பேர் சலிக்கும், பாட்டி பேர் இனிக்கும். பொறுத்திருக்கட்டும்.

நிஜமாகவே ஒரு பழைய பேரைப் பிள்ளைக்கு வைக்க நினைப்பவர், எண் கணிதக்காரரிடம் போகுமுன் வாசலில் நின்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி அதைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். “வடிவூ!” நன்றாக நீள்கிறது. “பேச்சீ!” அதைவிட நன்றாக. வாயைச் சுளுக்கவைக்கும் இன்றைய பேர் பலவற்றுக்கு இந்த நீட்டல் வராது. பிறகு ஊர்ப்பேரை முன்னே போட்டுச் சொல்லிப் பாருங்கள். கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா: இந்த இரண்டு பாடகிகளின் பேரும் மேடையில் அறிவித்தபோது எடுப்பாகத்தான் இருந்தன.

இன்னொன்று, பாட்டி உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். “எம் பேரா? அந்தப் பிள்ளையாச்சும் நல்லா இருக்கட்டும்” என்று சொல்லும் பாட்டிகள் நிறைய. அப்படிச் சொன்னால் வற்புறுத்த வேண்டாம். அவருடைய அம்மா பேர் என்ன என்று கேளுங்கள். அது ஆதாரிலும் இருக்காது, வாக்காளர் பட்டியலிலும் இருக்காது.