கிண்ணம் நிறைந்தும் தீராத பசி

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் தோன்றிய இராமலிங்க அடிகளாரை நம் கடலூர்ப் பகுதியில் அறியாதார் இலர். 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அவ்வடுப்பின் உட்பொருளை விளக்கும் உரைநடை நூலே ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’. முன்பே கற்ற நூல்தான். எனினும், 16 வயதைக் கடந்த நம் வீட்டுப் பூனையின் அருகமர்ந்து அதனை மீண்டும் படித்தபோது புதியதோர் வினா எழுந்தது.

உயிர்களுக்கு நேரும் இடர்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக எண்ணுகிறார் அடிகளார். அவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதே தலையாயது என்பது அவர் துணிபு. நூலின் வலிமை இங்கேதான் உள்ளது. இரக்கத்தை வெறும் உணர்ச்சியாக விட்டுவிடாமல், அதனை உலையில் ஏற்றிச் சோறாக்குகிறது.

ஆனால், அவ்வரிசையில் முதுமை தனியே இடம்பெறவில்லை. முதுமையிலோ அவ்விடர்களுள் பல ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பல் நொந்த பூனையின் முன் கிண்ணம் நிறைந்திருக்கும், பசியும் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் எவ்வளவு பருகினும் தாகம் தீராது. மூட்டு வலித்தால் அது கத்துவதில்லை; ஒடுங்கிக் கிடக்கும். இங்கே பசியை முன்னும் பிணியைப் பின்னும் நிறுத்த இயலுமா? பிணி தணிந்தாலன்றிப் பசி தணியாது. மருத்துவரிடம் கொண்டுசெல்வதும், உணவைக் குழைத்து ஊட்டுவதும், நீரைப் படுக்கையருகே வைப்பதும் அன்னமிடுதலின் பகுதிகளே. இவ்விடத்தில் நூலின் வரிசை நெகிழ வேண்டும் என்பது நம் கருத்து.

மற்றொரு முரணும் உண்டு. பூனையின் உடல் புலால் உணவுக்கென்றே அமைந்தது. மரக்கறி மட்டும் தந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியாற்றுவது இரக்கமாகாது என்பதோ அடிகளாரின் உறுதியான முடிவு. கடலூர் முதுநகர் மீனை வாங்கி வேகவைக்கும் நாம் இம்முரணை மழுப்ப விரும்பவில்லை. அதனைச் சற்று நாணத்துடன் ஒப்புக்கொள்வதே நேர்மை.

நம் திருச்சபையின் போதனையும் எளிதானதன்று. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளிடம் பரிவு காட்ட நாம் கடன்பட்டுள்ளோம் என்கிறது (எண் 2416). மனிதரின் துயர் துடைக்க முதற்கண் செல்லவேண்டிய பணத்தை அவற்றின்மீது செலவிடுதல் தகாது என்றும் எச்சரிக்கிறது (எண் 2418). அடுத்த தெருவில் ஒரு முதியவர் பட்டினி கிடக்கையில், பூனைக்கு மருந்து வாங்கும் கை நடுங்கத்தான் வேண்டும்.

ஆயினும், முதிய பூனை நம்மிடம் வேண்டுவது பெரும்பாலும் பணமன்று, பொறுமையே. பொறுமையோ கொடுக்கக் கொடுக்க வளர்வது. பூனையின் கிண்ணத்துக்காகக் குனியப் பழகிய முதுகு, திண்ணையில் கிடக்கும் பாட்டிக்காகவும் குனிய வேண்டும். குனியவில்லையெனில், அவ்வெச்சரிக்கை நமக்கென எழுதப்பட்டதே.