புட்டியில் அடைத்த முன்னோர்

மடகாஸ்கர் எண்ணெய் விற்பவர்கள் ஒன்றைத் தவறாமல் சொல்கிறார்கள்: சுருட்டை முடியைப் பேணும் முறை அந்தத் தீவின் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. இந்தப் பேச்சில் எவ்வளவு தேறும்?

புட்டியைத் திறந்தால் அதிகம் தேறாது. பேர்பெற்ற ரவின்ட்சாரா தைலம் கற்பூர மரத்து இலையிலிருந்து வருவது. அந்த மரம் கிழக்காசியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் போய் இறங்கியது. ஃபுராஹா எண்ணெயோ நம் புன்னை எண்ணெயேதான். சுருண்ட முடியில் தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நுனிவரை இறங்குவதில்லை. அதனால் மேலே எந்த எண்ணெயைப் பூசினாலும் வறட்சி கொஞ்சம் அடங்கும். இதற்கு முன்னோரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

ஆனால் முடிக்கும் முன்னோருக்கும் அங்கே உள்ள உறவு பொய்யில்லை. சகலாவா மக்கள் மறைந்த அரசர்களின் முடியையும் நகத்தையும் பல்லையும் காத்துவைத்து வழிபடுகிறார்கள். தீவின் நடு மேட்டுநிலத்தில் குழந்தைக்கு முதல் முடி இறக்கும் சடங்கு 'ஆலா வூலு'. தாய் தந்தை இருவரும் உயிரோடு இருப்பவர்தான் கத்தரிக்கோலைத் தொடலாம். வெட்டிய முடியைத் தேனும் வாழைப்பழமும் சேர்ந்த பண்டத்தில் கலப்பார்கள். பிள்ளை வேண்டும் பெண்கள் அதில் ஒரு வாய்க்கு முண்டியடிப்பார்கள்.

1822இல் அந்த மேட்டுநிலத்து இமெரினா நாட்டின் அரசர் முதலாம் ராடாமா முன்னோர் வழக்கப்படி வைத்திருந்த தன் நீண்ட பின்னலை அறுத்து, ஐரோப்பியச் சிப்பாய்போல் ஒட்ட வெட்டிக்கொண்டார். ஆண்களுக்கும் பின்னிவிட்டவர்கள் பெண்களே. அவர்கள் கூட்டமாகத் திரண்டு எதிர்த்தார்கள். முன்னின்றவர்களை அரசர் கொல்லச் செய்தார். முடிவெட்டுக்கு உயிர்ப்பலியா என்று தோன்றும். தலைமேல் யார் கை இருக்கலாம் என்பதே அங்கே வழக்கு என்று நான் வாசிக்கிறேன்.

விற்பனையாளர்கள் வாயே திறக்காத சங்கதி ஒன்றும் இருக்கிறது. அதே மேட்டுநிலத்தில் இறுகச் சுருண்ட முடிக்கு 'ங்கிட்டா' என்று பெயர். அது அடிமை வம்சத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. 1896இல் அடிமைமுறை ஒழிந்தது. கல்யாணப் பேச்சில் அந்தப் பார்வை ஒழியவில்லை. அந்த முடியைத் தாழ்த்தியவர்களும் முன்னோர்தான்.

ஆகவே என் தீர்ப்பு: சடங்கிலும் பின்னலிலும் முன்னோர் இருக்கிறார்கள், புட்டியில் இல்லை. சுருட்டை முடியை எல்லா முன்னோரும் கொண்டாடினார்கள் என்பது சுத்தப் புளுகு. எண்ணெய் பிடித்திருந்தால் வாங்குங்கள். எண்ணெய்க்கு மட்டும் காசு கொடுங்கள்.